கேளுங்கள் அண்ணாச்சி: பாதியில் நின்ற கை

சென்ற இதழில், விமானிக்கு வானத்தைவிடத் தரையில்தான் கவனம் அதிகம் சிதறும் என்று போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு ஆசிரியர் ஒரு பை நிறையக் கடிதங்களைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். மற்ற கேள்விகள் காத்திருக்கட்டும். இந்த இதழ் முழுக்க விமானம் கிளம்பும் கதைதான். புதிய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: நான் விமானி அல்ல. விமானப் படையில் தொடங்கி மீனம்பாக்கத்தில் ஓய்வுபெறும் வரை, தரையில் நின்று விமானங்களைப் பழுதுபார்த்து அனுப்பிவைத்தவன். காதில் ஹெட்செட், கையில் சிவப்புத் துணி கட்டிய ஒரு பின் (செருகு ஊசி). என் உத்தியோகத்தின் அடையாளம் இவ்வளவுதான்.

இல்லத்தரசி, வி.எம்.சத்திரம்: மகனைச் சென்னைக்கு அனுப்ப வாகைகுளம் விமான நிலையம் போயிருந்தோம். விமானக் கதவை மூடிய பிறகும் பத்து நிமிடம் அசையாமல் நிற்பதாக உள்ளே இருந்து செய்தி அனுப்பினான். அந்தப் பத்து நிமிடம் என்னதான் செய்கிறார்கள், அண்ணாச்சி?

வாகைகுளத்தில் கதவை மூடிவிட்டால் பஸ் மாதிரி விசில் அடித்துக் கிளம்ப வேண்டியதுதானே என்று பலரும் நினைக்கிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் விமானி அறைக்குள் நடக்கும் வேலை, பிறகு ஒரு மணி நேரப் பறத்தலில் நடக்கும் வேலையைவிட அதிகம்.

எத்தனை பேர், எத்தனை பை, எந்தப் பக்கம் எவ்வளவு எடை என்று ஒரு தாள் வரும். அதைப் பார்த்து எடையைக் கணினியில் ஏற்ற வேண்டும். எந்த வேகத்தில் மூக்கைத் தூக்குவது என்பது அந்த எடையிலிருந்துதான் கிடைக்கும். கட்டுப்பாட்டுக் கோபுரம் வழித்தடத்தைப் படிக்கும்; விமானி அதைச் சொல் மாறாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். என்ஜின்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கிளப்ப வேண்டும். இறக்கைத் தகடுகளை நீட்ட வேண்டும். வாலிலும் இறக்கையிலும் உள்ள தகடுகள் சொன்னபடி அசைகின்றனவா என்று பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் வரிசை உண்டு, பட்டியல் உண்டு.

வரிசைப்படி யாராவது விட்டால்தானே! நடுவில் ஒரு பணிப்பெண் வந்து, பயணி ஒருவர் பையைத் தவறவிட்டார் என்பார். தரையில் நிற்கும் என்னைப் போன்றவன், சரக்கு அறைக் கதவின் விளக்கு அணைந்ததா என்று கேட்பான். சென்னையில் நெரிசல், ஆறு நிமிடம் பொறுங்கள் என்று கோபுரம் சொல்லும். பறக்க ஆரம்பித்துவிட்டால் விமானியின் தோளைத் தொட ஆள் குறைவு. தரையில் நிற்கும்வரை அவர் கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவர் மாதிரி. தாம்பூலப் பைக்குப் பணம் எடுக்கப் போனவரைச் சமையல்காரர் ஒரு பக்கம் இழுப்பார், நாதசுரக்காரர் ஒரு பக்கம் இழுப்பார்.

பாலிடெக்னிக் மாணவர், மேலப்பாளையம்: இருபது வருட அனுபவம் உள்ள விமானிகள்கூட ஃபிளாப்பை நீட்ட மறந்து விபத்துக்குள்ளானதாகப் படித்தேன். எப்படி மறக்க முடியும்?

தம்பி, முதலில் ஃபிளாப் எதற்கு என்று மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கூந்தன்குளத்தில் நாரை எழும்புவதைப் பார்த்திருப்பாய். உயரே போனபின் சிறகை விரித்து மிதக்கும் பறவை, எழும்பும் நேரத்தில் பலமாகச் சிறகடிக்கும். விமானத்தால் சிறகடிக்க முடியாது. அதனால் இறக்கையின் பின்விளிம்பிலிருந்து தகடுகளை நீட்டி, குறைந்த வேகத்திலேயே தூக்குவிசை கிடைக்கச் செய்கிறார்கள். நீட்டாமல் ஓடினால் ஓடுபாதை முடியும் இடத்தில் விமானம் பாதி மனத்தோடு எழும்பி, உடனே சரியும்.

1987 ஆகஸ்ட் 16, அமெரிக்காவின் டெட்ராய்ட். எம்.டி.82 வகை விமானம். கிளம்பும் நேரத்தில் ஓடுபாதையை மாற்றிவிட்டார்கள். புதிய பாதைக்கான வானிலைத் தகவலைத் துணை விமானி வேறு அலைவரிசையில் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டியிருந்தது. போகும் வழியில் திரும்ப வேண்டிய இடம் ஒன்றையும் தவறவிட்டார்கள். தரையில் உருளும்போது படிக்க வேண்டிய பட்டியலை அவர்கள் படிக்கவே இல்லை என்று விசாரணை சொன்னது. ஃபிளாப் நீளவில்லை. விமானத்தில் இருந்தவர்களில் நாலு வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும் பிழைத்தாள். தரையில் இருந்த இருவரையும் சேர்த்து 156 பேர் இறந்தார்கள்.

2008 ஆகஸ்ட் 20, ஸ்பெயினின் மாட்ரிட். அதே எம்.டி.82 வகை. முதல் முறை கிளம்பப் போனபோது வெளிவெப்பம் அளக்கும் கருவி சூடேறுவதாகக் காட்டியதால் திரும்பி வந்தார்கள். பழுதுபார்ப்பவர் வந்தார், நேரம் போனது, வெயில், தாமதம், எரிச்சல். இரண்டாம் முறை கிளம்பும்போது பட்டியலின் கடைசி வரி ஃபிளாப். அதைத் தொடும் முன்பே, கோபுரத்திடம் நகர அனுமதி கேளுங்கள் என்று கேப்டன் சொன்னார். துணை விமானி கேட்டார். பட்டியல் அங்கேயே நின்றுபோனது. என்னை இன்றுவரை உறுத்துவது அடுத்து நடந்ததுதான். ஓடுபாதையை நெருங்கும்போது துணை விமானி ஃபிளாப் 11 பாகை என்று வாயால் சொல்கிறார். குரல் பதிவில் அது இருக்கிறது. இறக்கையிலோ தகடு நீளவே இல்லை. அவர் பார்த்துச் சொல்லவில்லை; தினமும் சொல்வதைச் சொன்னார். 172 பேரில் 154 பேர் இறந்தார்கள்.

இதை மறதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உன் ஊரில் பீடி சுற்றும் வீடுகள் நிறைய. 25 பீடி ஒரு கட்டு. பதினேழாவது பீடியை எண்ணும்போது வாசலில் யாராவது கூப்பிட்டால் உன் அம்மா என்ன செய்வார் என்று கவனித்துப் பார். திரும்பி வந்து, கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு ஒன்றிலிருந்து எண்ணுவார். புதிதாகப் பழகும் பெண்தான், பதினேழு சொன்னேனே என்று நினைவை நம்பிப் பதினெட்டிலிருந்து தொடர்வாள். விமானி அறையில் இது தலைகீழாக நடக்கிறது. பழகப் பழக நம்பிக்கை கூடுகிறது. பத்தாயிரம் தடவை அந்த நெம்புகோலை இழுத்த கை, இழுக்க வேண்டும் என்று நினைத்த மாத்திரத்தில் இழுத்துவிட்டதாகவே கணக்கில் எழுதிக்கொள்கிறது. நேற்று இழுத்தது இன்றைய கணக்கில் வரவாகிவிடுகிறது.

இன்னொன்று. இரண்டு விமானத்திலும், ஃபிளாப் நீட்டாமல் வேகமெடுத்தால் அலற வேண்டிய எச்சரிக்கை மணி அலறவில்லை. டெட்ராய்ட்டில் அந்தச் சுற்றுக்கு மின்சாரமே போகவில்லை. மணி இருக்கிறது என்ற தைரியத்தில் மனிதன் சற்றுத் தளர்கிறான். மணி ஊமையாக இருப்பது கடைசி விநாடிவரை யாருக்கும் தெரிவதில்லை. பழுதுபார்ப்பு வேலையில் இருந்தவன் என்பதால், விமானியைக் குறைசொல்லும் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மணிதான் முதலில் ஞாபகத்துக்கு வரும்.

அரசுப் பேருந்து ஓட்டுநர், நாங்குநேரி: நான் முப்பது வருடமாக ஸ்டியரிங் பிடிக்கிறேன். ஒரு நாளும் தவறான பஸ் நிலையத்துக்குள் வண்டியை விட்டதில்லை. விமானிகள் தவறான ஓடுபாதையில் ஏறிவிடுவார்களாமே?

ஏறியிருக்கிறார்கள், அண்ணாச்சி. (முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்தவரை நான்தான் அப்படி அழைக்க வேண்டும்.) 2006 ஆகஸ்ட் 27, விடியும் முன். அமெரிக்காவின் லெக்சிங்டன் விமான நிலையம். போக வேண்டிய ஓடுபாதை 22. நீளம் 7,003 அடி. ஏறியது 26, நீளம் 3,500 அடி. இரண்டின் முனைகளும் பக்கத்தில் பக்கத்தில். உருண்டு போகும்போது வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சு ஓடியது. கோபுரத்தில் அந்த நேரம் ஒரே ஒருவர். 50 பேரில் 49 பேர் இறந்தார்கள். பிழைத்தவர் துணை விமானி.

2000 அக்டோபர் 31 இரவு, தைவானின் தைபே. சூறாவளி மழை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 747 விமானம் இடது ஓடுபாதைக்குப் போவதாக நினைத்து வலது ஓடுபாதையில் ஏறிவிட்டது. அது வேலை நடப்பதற்காக மூடப்பட்டிருந்தது. நடுவில் கட்டுமான இயந்திரங்கள். 179 பேரில் 83 பேர் இறந்தார்கள். மழையிலும் காற்றிலும் அவர்கள் மனம் முழுக்க, சூறாவளி வலுக்கும் முன் கிளம்ப முடியுமா என்பதிலேயே இருந்திருக்கும். எந்தப் பாதையில் நிற்கிறோம் என்ற கேள்விக்கு மனத்தில் இடம் இருந்திருக்காது.

ஓடுபாதையின் எண் என்பது திசைகாட்டி காட்டும் பாகையின் கணக்கு. கடைசிச் சைபரை விட்டுவிடுவார்கள், அவ்வளவுதான். வாகைகுளத்தில் கிழக்குப் பார்த்துக் கிளம்பினால் 10, மேற்குப் பார்த்தால் 28, பாதை ஒன்றுதான். 1,350 மீட்டராக இருந்ததை 3,115 மீட்டராக நீட்டியிருக்கிறார்கள். அங்கே பாதை மாறி ஏறுவதென்றால் தூத்துக்குடி நெடுஞ்சாலையில்தான் ஏற வேண்டும்.

ஓடுபாதையில் நின்றதும் விமானத்தின் திசைகாட்டி என்ன எண் காட்டுகிறது, தரையில் எழுதியிருக்கும் எண் என்ன என்று ஒரு தடவை ஒப்பிட்டால் போதும். ஒரு விநாடி வேலை. நீங்கள் வள்ளியூர் போர்டைப் பார்த்துத்தானே உள்ளே திருப்புகிறீர்கள்?

ஒரு தாய், கல்லிடைக்குறிச்சி: தம்பி, என் மகன் துணை விமானியாக இருக்கிறான். விமானம் கிளம்பும் முன் போன் செய்து, திருநீறு பூசிக்கொண்டாயா என்று கேட்பேன். போன வாரம், இனி அந்த நேரத்தில் கூப்பிடாதே அம்மா என்று சொல்லிவிட்டான். பேசவே கூடாது என்று சட்டம் இருக்கிறதாம். உண்மையா, அல்லது மருமகள் வேலையா?

அக்கா, மருமகள் தலையில் போடாதீர்கள். பையன் சொன்னது உண்மை.

1974 செப்டம்பர் 11, அமெரிக்காவின் சார்லட் நகரம். இறங்கப் போன விமானம் பனிமூட்டத்தில் தரையில் மோதி 72 பேர் இறந்தார்கள். குரல் பதிவைக் கேட்டால், இறங்கும் நேரத்தில் இரண்டு விமானிகளும் அரசியலில் தொடங்கிப் பழைய கார்வரை பேசிக்கொண்டு வந்திருக்கிறார்கள். இதுபோல் இன்னும் சில நடந்த பிறகு, 1981ல் அமெரிக்கா ஒரு விதி கொண்டுவந்தது. தரையில் உருளும்போதும், ஏறும்போதும், இறங்கும்போதும், 10,000 அடிக்குக் கீழே விமானி அறையில் விமானத்தைப் பற்றிய பேச்சைத் தவிர வேறு பேச்சு கிடையாது. மற்ற நாடுகளும் அதையே பின்பற்றுகின்றன. உங்கள் ஊரிலிருந்து பார்த்தால் தெரியும் பொதிகையில் அகத்தியர் மலை உச்சி 1,868 மீட்டர். 10,000 அடி என்பது ஏறத்தாழ 3,048 மீட்டர். அகத்தியரைத் தாண்டி, இன்னும் பாதி மலைக்கு மேல் ஏறும்வரை உங்கள் மகன் வாயில் வேறு பேச்சு வரக் கூடாது.

விதி வந்ததும் எல்லோரும் திருந்திவிடவில்லை. 1988 ஆகஸ்ட் 31, டாலஸ். கிளம்பக் காத்திருந்த வரிசை நீண்டது. பணிப்பெண் ஒருவர் அறைக்குள் வந்தார். பொழுதுபோகாத நாலு பேர் பேசுவது மாதிரிப் பேச்சு. ஃபிளாப் நீட்டாமலே ஓடினார்கள். 108 பேரில் 14 பேர் இறந்தார்கள். காத்திருப்பதுதான் இதில் ஆபத்து என்பது என் எண்ணம். அவசரத்தில் மனிதன் கவனமாகவாவது இருப்பான். வரிசையில் நிற்கும்போது பேச்சு தானாக வரும்.

இதை நம் ஊர் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் ரதவீதி முக்கில் திரும்பும்போது, சக்கரத்தடியில் கட்டை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரக்கணக்கான பேர் வடம் பிடித்துக் கூச்சலிடுவார்கள். கட்டை போடுகிறவர் கண் சக்கரத்தை விட்டு நகராது. சொந்த மருமகன் பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். அவருக்கு 1981ல் யாரும் விதி எழுதித்தரவில்லை.

திருநீற்றுக் கேள்வியை இறங்கிய பிறகு கேளுங்கள். பூசாமல் போயிருந்தால் அப்போது திட்டிக்கொள்ளலாம்.

கூட்டுறவு வங்கிக் காசாளர், சேரன்மகாதேவி: எங்கள் வேலையில் ஒரு இலக்கம் தவறினால் மாலையில் கணக்கு இடிக்கும், கண்டுபிடித்துவிடுவோம். விமானத்தில்?

விமானத்தில் வால் இடிக்கும். 2009 மார்ச் 20 இரவு, மெல்பர்னிலிருந்து துபாய் கிளம்பிய எமிரேட்ஸ் விமானம். எடை 362.9 டன். மடிக்கணினியில் 262.9 என்று தட்டிவிட்டார்கள். 100 டன் காணாமல் போனது. கணினி என்ன செய்யும், பாவம்? லேசான விமானம் என்று நம்பி, என்ஜினுக்குக் குறைந்த வேலை கொடுத்தால் போதும் என்றது. விமானம் எழும்ப மறுத்தது. மூக்கைத் தூக்கியதில் வால் ஓடுபாதையில் உரசியது. கடைசியில் முழு வேகம் கொடுத்து எப்படியோ மேலே ஏறித் திரும்பி வந்து இறங்கினார்கள். 275 பேரும் பத்திரம்.

அந்த எண் பல கைகளைத் தாண்டித்தான் போயிருக்கிறது. சரிபார்க்க வேண்டிய இடங்களில் வேறு பேச்சும் வேறு வேலையும் குறுக்கிட்டதை ஆஸ்திரேலிய விசாரணை விவரமாக எழுதியது. உங்கள் வங்கியில் நோட்டு எண்ணும்போது எதிரில் நிற்பவர், எவ்வளவு சார் ஆகும் என்று கேட்டால் உங்களுக்கு வரும் கோபம் எனக்குப் புரிகிறது.

பாத்திரக் கடைக்காரர், திசையன்விளை: மும்பையிலிருந்து கிளம்பிய விமானத்தில் பயணிகளுக்கு மூக்கில் ரத்தம் வந்ததே, அது என்ன?

2018 செப்டம்பர் 20. மும்பையிலிருந்து ஜெய்ப்பூர் போன ஜெட் ஏர்வேஸ் விமானம். உயரே போகப் போகக் காற்று மெலிந்துவிடும். அதனால் என்ஜினிலிருந்து அழுத்தமான காற்றை எடுத்து அறைக்குள் செலுத்துவார்கள். அதற்கான சுவிட்சைப் போடாமல் விட்டுவிட்டார்கள். 166 பயணிகளில் சுமார் 30 பேருக்கு மூக்கிலும் காதிலும் ரத்தம். ஆக்சிஜன் முகமூடிகள் தொங்கின, மும்பைக்கே திரும்பினார்கள். உயிர்ச்சேதம் இல்லை.

இதே குடும்பத்துப் பிழை ஒன்று இப்படி முடியவில்லை. 2005 ஆகஸ்ட் 14, சைப்ரஸிலிருந்து ஏதென்ஸ் போன ஹீலியோஸ் விமானம். முந்தைய இரவு பராமரிப்பாளர்கள் அறை அழுத்தத்தைச் சோதித்தபின், அந்தக் குமிழ் தானியங்கி நிலைக்குத் திரும்பாமல் கைமுறை நிலையிலேயே நின்றுவிட்டது. விமானிகள் அதைப் பார்க்க மூன்று வாய்ப்புகள்: கிளம்பும் முன், என்ஜின் கிளம்பிய பின், மேலெழுந்த பின். மூன்றிலும் கண் அதன்மேல் போய்த் தங்கவில்லை. எச்சரிக்கை மணி அடித்தது. ஆனால் அதே ஒலி, தரையில் வேறொரு பிழைக்கும் அடிக்கும் ஒலி. அவர்கள் அந்தப் பிழையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மூச்சுக்குக் காற்று போதாமல் மயங்கினார்கள். விமானம் தானாகவே ஏதென்ஸ்வரை பறந்து, எரிபொருள் தீர்ந்து மலையில் விழுந்தது. 121 பேர்.

இந்தக் கதையை எப்போது சொன்னாலும் என் குரல் ஒரு படி இறங்கும். குமிழைத் திருப்பாமல் போனவர் என் தொழில் செய்தவர். அவர் தன் வேலையைத்தான் செய்தார். சோதனை முடிந்தது என்று கையெழுத்தும் போட்டிருப்பார்.

வளைகுடாவில் வேலை பார்ப்பவரின் அண்ணன், கடையநல்லூர்: திருச்சி விமான நிலையச் சுவரில் இடித்துவிட்டுத் துபாய் நோக்கிப் பறந்த விமானத்தில் என் தம்பியின் நண்பர் இருந்தார். விமானிகள் தூங்கிவிட்டார்களா?

தூங்கவில்லை. 2018 அக்டோபர் 12, நள்ளிரவு தாண்டிய நேரம். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், 130 பயணிகள், 6 ஊழியர்கள். விமானம் வேகமெடுத்து ஓடும்போது கேப்டனின் இருக்கைச் சாய்மானம் திடீரென்று பின்னால் சரிந்தது. அந்தத் தடுமாற்றத்தில் என்ஜின் விசை தெரியாமல் குறைக்கப்பட்டுவிட்டது என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. குறைந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. ஓடுபாதை முடிந்த இடத்தில்தான் எழும்பியது. ஆண்டெனாவையும் சுற்றுச்சுவரையும் இடித்துக்கொண்டு போனது. துபாய் நோக்கிப் பறந்ததைத் திருப்பி, கிளம்பி ஏறத்தாழ நாலு மணி நேரம் கழித்து மும்பையில் இறக்கினார்கள். அடிவயிறு கிழிந்த விமானத்தின் படத்தைப் பார்த்தபோது எனக்கு வியர்த்தது.

இருக்கை சரிந்தால் யாருக்கும் மனம் இருக்கைக்குத்தான் போகும். துணை விமானியின் மனம்கூடக் கேப்டனிடம்தான் போயிருக்கும். அந்த இரண்டு மூன்று விநாடி விசைமானியைப் பார்க்க அறையில் ஆள் இல்லை.

பள்ளி மாணவி, வள்ளியூர்: விமானிகள் படிக்கும் பட்டியலை முதலில் எழுதியது யார்?

ஒரு விபத்து எழுதவைத்தது. 1935 அக்டோபர் 30, அமெரிக்காவின் டேட்டன் நகருக்கருகே போயிங் நிறுவனத்தின் புதிய குண்டுவீச்சு விமானம் சோதனைப் பறப்பில் விழுந்தது. தரையில் நிற்கும்போது வால் தகடுகள் காற்றில் ஆடாமல் இருக்கப் போடும் பூட்டை எடுக்காமலே கிளம்பிவிட்டார்கள். ஓட்டியவர் கைதேர்ந்தவர். இவ்வளவு சிக்கலான விமானத்தை நினைவை வைத்து ஓட்ட முடியாது என்று புரிந்துகொண்டு, பட்டியல் எழுதிக் கையில் கொடுத்தார்கள். அதே விமானம் பிறகு பி.17 என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் பறந்தது. பரீட்சைக்குப் போகும்போது ஹால் டிக்கெட்டை எடுத்துவைத்தாயா என்று உன் அம்மா கேட்பது இதே பட்டியல்தான், கண்ணு.

வாசகர், முக்கூடல்: இத்தனையும் படித்த பிறகு விமானத்தில் ஏறலாமா?

தாராளமாக. நான் எழுதியவை எல்லாம் விசாரித்து, எழுதி, விதியாக்கி, அடைத்த ஓட்டைகள். நான் இப்போதெல்லாம் நெல்லை எக்ஸ்பிரஸில் போகிறேன் என்றால் அது பயத்தால் அல்ல. கீழ்ப் படுக்கை கிடைத்தால் சென்னைவரை தூங்கலாம். விமானத்தில் சன்னல் பக்கம் உட்கார்ந்தால் ஃபிளாப் நீண்டதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டியிருக்கிறது.

ஆட்டோ ஓட்டுநர், பேட்டை: ஊர் உலகத்தின் தவறையெல்லாம் எழுதுகிறீர்களே அண்ணாச்சி, உங்கள் கையால் ஒரு தவறும் நடந்ததில்லையா?

இந்தக் கடிதத்தைக் கடைசியில் வைத்ததே இதற்காகத்தான்.

மீனம்பாக்கத்தில் ஒரு மழை நாள். ஏர்பஸ் ஏ320 வகை விமானத்தைப் பின்னுக்குத் தள்ளி அனுப்ப வேண்டும். அப்படித் தள்ளும்போது இழுவை வண்டிதான் முன்சக்கரத்தைத் திருப்பும். விமானியின் ஸ்டியரிங் குறுக்கே வராமல் இருக்க, முன்சக்கரக் காலில் ஒரு பின்னைச் செருகிவைப்போம். விரல் நீளம்தான் இருக்கும். பறந்துபோகாமல் கண்ணில் பட அதில் சிவப்புத் துணி கட்டியிருக்கும். தள்ளி முடித்து, வண்டியை இணைத்த கம்பியைக் கழற்றி, பின்னைப் பிடுங்கிக்கொண்டு ஓரமாகப் போய் நின்று, விமானிக்குத் தெரியும்படி உயர்த்திக் காட்ட வேண்டும். அவர் பார்த்துக் கை அசைப்பார். பின் வெளியே வந்துவிட்டது, இனி சக்கரம் உன் பொறுப்பு என்று அர்த்தம்.

அன்று கம்பியைக் கழற்றியாயிற்று. பின்னைப் பிடுங்கக் கை போகும் நேரம், சுமை ஏற்றும் பையன் ஒருவன் மழையில் ஓடிவந்து தோளைத் தொட்டான். அவனுடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊரிலிருந்து தந்தி; உடனே போக வேண்டும்; யாரிடம் சொல்வது? தந்தியைப் படித்தேன். மேற்பார்வையாளரைப் பார், நான் சொன்னதாகச் சொல் என்றேன். அவன் போனான். நான் ஓரத்துக்கு நடந்தேன். சட்டைப்பையிலிருந்து பின்னை எடுத்து, சிவப்புத் துணி தெரிய உயர்த்திக் காட்டினேன்.

அது அதற்கு முந்தைய விமானத்தின் பின். திருப்பி வைக்க மறந்து பையிலேயே கிடந்தது. இந்த விமானத்தின் பின் முன்சக்கரத்திலேயே இருந்தது.

விமானி மழைக்குள்ளே சிவப்பைப் பார்த்தார், கை அசைத்தார். அவர் முன்னால் இருந்த திரையிலும், ஸ்டியரிங் துண்டிக்கப்பட்டிருக்கிறது என்று மஞ்சள் எழுத்தில் ஒரு வரி எரிந்துகொண்டுதான் இருந்திருக்கும். அதை அவர்கள் இருவரும் பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் கோபுரம் வழித்தடத்தை மாற்றிப் படித்துக்கொண்டிருந்தது என்று பிறகு தெரிந்தது. என் தோளைத் தொட ஒரு பையன், அவர்கள் தோளைத் தொட ஒரு குரல்.

விமானம் நேராகப் போனது. முதல் வளைவில் திரும்ப மறுத்து நின்றுவிட்டது. பின்னால் மூன்று விமானங்கள். நான் பின்னைக் கையில் வைத்துக்கொண்டு, ஏன் நிற்கிறது என்று யோசித்தபடி நிற்கிறேன்! வண்டியில் ஓடிப்போய் முன்சக்கரத்தைப் பார்த்தபோதுதான் கையில் இருந்த துணியும் அங்கே தொங்கிய துணியும் ஒரே நேரத்தில் கண்ணில் பட்டன. இருபத்தைந்து நிமிடத் தாமதம். மறுநாள் மெமோ. ஏன் பொய்யாகக் காட்டினாய் என்று அதிகாரி கேட்டார். நான் பொய் காட்டவில்லை என்று சொன்னதை அவர் நம்பவில்லை; அதில் அவரைக் குறைசொல்ல முடியாது. பிடுங்கியதாக என் கைக்கு ஞாபகம் இருந்தது. இன்றுகூட அந்தப் பின்னைப் பிடுங்கிய ஞாபகம் எனக்கு இருக்கிறது. சக்கரத்தின் ஈரம்கூட விரலில் இருக்கிறது.

அன்று இரவு வீட்டில் நடந்ததைச் சொன்னேன். என் மனைவி ஒன்றும் பேசவில்லை. மேலங்கியை வாங்கி, இரண்டு பக்கப் பைகளையும் மேல்பையையும் கறுப்பு நூலால் தைத்து மூடிக் கொடுத்தாள். ஓய்வுபெறும்வரை எனக்கு எத்தனை மேலங்கி கொடுத்தார்களோ அத்தனையும் வீட்டுக்கு வந்து பை தைத்த பிறகுதான் உடம்பில் ஏறின. பேனாவைக் காதில் செருகிக்கொள்வேன். பீடி, தீப்பெட்டிப் பழக்கம் அதோடு போயிற்று. கடைசி மேலங்கி இப்போதும் பரணில் இருக்கிறது. போன பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது எடுத்த பேரன், தாத்தா, இதில் கை போகவே மாட்டேன் என்கிறதே என்றான்.